மூன்றாவது வரிசை

என் மனைவிக்குக் காது ஒரேயடியாகப் போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தறிப்பட்டறையில் நானும் அவளும் எதிரெதிர்த் தறியில் நிற்கிறோம். விசைத்தறி ஓடும்போது எவ்வளவு கத்தினாலும் பக்கத்து ஆளுக்குக் கேட்காது. அதனால் நாங்கள் சத்தம் போடாமல் வாயை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வோம். நூல் அறுந்தது, முதலாளி வருவது, சாப்பிடப் போவது எல்லாம் உதட்டைப் பார்த்தே தெரிந்துவிடும். வீட்டிலும் அப்படியே பழகிவிட்டது. அவளுக்குக் காது குறைந்ததை நான் ரொம்ப நாள் கவனிக்காமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

போன வருஷம், சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்கள் மகள், கல்லூரிக் கச்சேரியில் தனியாக ஒரு பாட்டுப் பாடப்போவதாகச் சொன்னாள். அவள் பாட்டுக் கற்றுக்கொண்டதே அங்கே போன பிறகுதான். அம்மாக்காரி அதுவரை அவள் பாடி ஒரு பாட்டும் கேட்டதில்லை. இதையாவது கேட்டுவிட வேண்டும் என்று மத்தியானமே என்னைக் கிளப்பிவிட்டாள்.

சேலத்தில் சூரமங்கலம் தாண்டி இருந்தது கச்சேரி நடக்கும் அரங்கம். வடைச்சட்டியைக் கவிழ்த்து வைத்தது மாதிரி உருண்டைக் கூரை. முன்னால் இரண்டு வரிசையை விருந்தாளிகளுக்கென்று கயிறு கட்டி வைத்திருந்தார்கள். மற்றதில் முதலில் வருகிறவர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரலாம். நாங்கள் போனபோது ஒருவரும் வரவில்லை. இஷ்டப்பட்ட இடத்தில் உட்காருவது எனக்குப் புதிது. கல்யாண மண்டபத்தில்கூட நான் வாசலோரமாக ஒரு நாற்காலி பார்த்து உட்காருகிற ஆள்.

என் மனைவி நேராகப் போய் மூன்றாவது வரிசையில் நடுவில் உட்கார்ந்தாள். "பாப்பா இங்கதான் உக்காரச் சொன்னா" என்றாள்.

மேடையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த மைக்செட்காரரிடம் கூச்சத்தை விட்டுக் கேட்டேன். "ஏனுங்க, எங்க உக்காந்தா பாட்டு நல்லாக் கேக்குமுங்க?"

"நடுவால மட்டும் உக்காந்துறாதீங்கண்ணா. சத்தம் மேல போயி, அப்படியே திரும்பி நடுவுல வந்து உழுகும். ஒரு பாட்டு ரெண்டு பாட்டாக் கேக்கும். ரெண்டாவது பாட்டுக்குக் காசு கேக்கமாட்டாங்க, பயப்படாதீங்க." சிரித்துக்கொண்டே கையைத் தட்டிக் காட்டினார். நடுவில் நின்ற எனக்கு அந்தக் கைதட்டல் தலைக்கு மேலிருந்து இன்னொரு தரம் கேட்டது. "பின்னால, அந்தோரம் போயிருங்க. சுத்தமாக் கேக்கும்."

நல்ல வேளையாகக் கேட்டோம் என்று எனக்குச் சந்தோஷம். அங்கங்கே உட்கார்ந்து பார்த்து, சுவரோரமாக ஓர் இடம் முடிவு செய்தேன்.

"இங்கயே இருக்கலாமுங்க" என்றாள் மனைவி.

"சத்தம் கொழம்புமாம் புள்ள. உனக்கு இருக்கற காதுக்கு அங்கதான் சரி."

"இருக்கற காதா? அது எங்க இருக்குது?" என்று சிரித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்தாள்.

மைக்செட்காரர் பொய் சொல்லவில்லை. மகள் பாட ஆரம்பித்ததும் ஒவ்வொரு எழுத்தும் எனக்குத் தனித்தனியாகக் கேட்டது. இவள் குரலா இது என்று இருந்தது. நாலு வரி போயிருக்கும். மனைவி என் கையைத் தொட்டாள். திரும்பினேன்.

"ஆரம்பிச்சுட்டாளா?" என்று வாயசைத்தாள்.

அப்போதுதான் மேடையை அவள் கண்ணால் பார்த்தேன். நாங்கள் இருந்த இடத்துக்கு மகளின் ஒரு பக்கக் கன்னமும் கம்மலும்தான் தெரிந்தன. உதட்டை மைக் மறைத்திருந்தது. அத்தனை வருஷம் உதட்டைப் பார்த்துப் பேசியவன், இடம் பார்க்கும்போது காதை மட்டும் நினைத்திருக்கிறேன்.

மகள் மூன்றாவது வரிசையைப் பார்த்துத்தான் பாடிக்கொண்டிருந்தாள். அங்கே யார் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கயிறு கட்டிய வரிசையில் மட்டும் நாற்காலிகள் காலியாக இருந்தன. அத்தனை பேருக்கு முன்னால் எழுந்து, கயிற்றைத் தாண்டி மனைவியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். நாற்காலிக் கையைப் பிடித்தேன். போகலாம், போகலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே கை தட்டிவிட்டார்கள். மனைவியும் பக்கத்தில் பார்த்துவிட்டுக் கை தட்டினாள்.

வாசலில் மகள் ஓடி வந்தாள். "எங்கேம்மா உக்காந்திருந்தீங்க? வாயை நல்லாத் தெறந்து, நிறுத்தி நிறுத்திப் பாடுனேன். அதுக்குப் பாட்டு சாரு திட்டினாரு. தெரிஞ்சுதாம்மா?"

"நல்லாத் தெரிஞ்சுது சாமி" என்றாள் அம்மா.

திரும்பும்போது பஸ்ஸில் விளக்குப் போட்டார்கள். மனைவி என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, "என்ன பாட்டுங்க?" என்று கேட்டாள்.

சத்தமில்லாமல் சொன்னேன். முதல் நாலு வரியை ஒரு வார்த்தை விடாமல், உதட்டை நன்றாகப் பிரித்துச் சொன்னேன். அவளும் கூடவே உதட்டை அசைத்துப் பார்த்துக்கொண்டாள்.

"அப்புறம்?" என்றாள்.

அதற்கு மேல் பாட்டை நான் கேட்கவில்லை. காலியாக இருந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.