தீர்க்கதரிசியும் தீப்பெட்டியும்

ரசாயனக் கிடங்கின் மாடியில் அவளுக்கு ஒரு மேசை, ஒரு திரை. கிடங்குக்குப் புதிதாக வரும் பொருளின் மூலக்கூறு படமாகத் திரையில் விரியும். அதில் ஆக்சிஜன் யாரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று பார்ப்பாள். கார்பனோடும் ஹைட்ரஜனோடும் மட்டும் நின்றால் சாது, பக்கத்தில் எரியும் தீயைத் தூண்டிவிடாது. நைட்ரஜனையோ குளோரினையோ இன்னொரு ஆக்சிஜனையோ பிடித்திருந்தால் சந்தேகக் கேஸ். கீழே சோதனை அறைக்குப் போகவேண்டும். பொருளைத் தொடாமலே சொல்லிவிடுவதால் அவளுக்குத் தீர்க்கதரிசி என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சோதனை அறைக்காரருக்குத் தீப்பெட்டி என்று பெயர். சந்தேகப்பட்ட தூளைப் பஞ்சுத்தூளோடு கலந்து குவித்து, பழுக்கக் காய்ந்த கம்பியை வைத்து, வழக்கத்தைவிட வேகமாக எரிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அந்தத் தீப்பெட்டிதான் அவள் கணவர். வினையே அங்கேதான்.

கொஞ்ச காலமாகக் கிடங்குக்கு வந்ததெல்லாம் பரம சாதுக்கள். இவள் ஒவ்வொன்றாக "சோதனை தேவையில்லை" என்று விட, கீழே மனுஷருக்கு ஈ ஓட்டும் வேலை. சோதனைப் புகையை உறிஞ்சும் கூண்டுக்குள் அலுவலகத்துக் குடைகளையெல்லாம் வாங்கிக் காயவைத்தார். மேலாளர் கூப்பிட்டு, இந்த மாதம் ஒரு பொருளாவது சோதனைக்கு வராவிட்டால் அறையை மூடி உடைந்த நாற்காலிகளைப் போடப்போவதாகச் சொல்லிவிட்டார். அறை போனால் வேலையும் போச்சு.

அன்றிலிருந்து வீட்டில் சோறு இறங்கவில்லை. படுக்கையில் திரும்பிப் படுத்துக்கொண்டு கேட்பார்.

"ஒரு நைட்ரோகூட வரலையா?"

"வரலைங்க."

"அந்த வாசனைப் பவுடர்ல ஒரு ஆக்சிஜன் இருந்துச்சே, லேசா நைட்ரஜன் பக்கம் சாயற மாதிரி இல்ல?"

"நடுவுல ரெண்டு கார்பன் நிக்குதுங்க."

மாமியாருக்கு ரசாயனம் தெரியாது, நியாயம் தெரியும். "புருஷன் வயித்துல அடிக்கிறியே, ஒரு ஆக்சிஜனை இடம் மாத்திப் போட்டா என்ன கொறஞ்சா போயிடுவே?" என்று மூக்கைச் சிந்தினார். "ஒரு தடவை பொய் சொல்லிட்டா அப்புறம் நான் சொல்றதை யாரு அத்தை நம்புவாங்க?" என்று கேட்டுவிட்டு அவளும் அழுதாள். ஆனாலும் மறுநாள் வந்த மெருகுத்தூளையும் விட்டுவிட்டாள். பாழாய்ப்போன தூள் அவ்வளவு ஒழுக்கமாக இருந்தது.

மாதக் கடைசியில் மேலாளர் இருவரையும் உட்காரவைத்தார். மனிதர் கெட்டவரில்லை, வழி ஒன்று யோசித்து வைத்திருந்தார்.

"உங்க மனைவி கணிப்புல சந்தேகம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்க விட்டதையெல்லாம் நீங்க மறுபடி எரிச்சுப் பார்க்கலாம். அறையும் இருக்கும், நீங்களும் இருப்பீங்க."

ஒரு மாதமாக வீட்டில் கணவர் வாய் ஓயாமல் சொன்னதைத்தான் இங்கே ஒருமுறை சொல்லவேண்டும். சொல்லித் தொலையுங்களேன் என்று அவள் மனசு அடித்துக்கொண்டது. தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்றுகூடத் தோன்றிவிட்டது.

"சொல்ல முடியாது சார்."

"ஏன்?"

"எல்லாத்தையும் ஏற்கெனவே எரிச்சுப் பார்த்துட்டேன்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். கணவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வேலை இல்லாத நேரத்தில், அவள் விட்ட ஒவ்வொரு தூளிலும் ஒரு கரண்டி யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்து, பழுத்த கம்பியை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றாவது பொசுக்கென்று பிடித்துக்கொண்டால் அவளை மடக்கலாம், அறையையும் காப்பாற்றலாம் என்று.

"ஒண்ணுகூடப் பிடிக்கல சார். எல்லாம் நமத்துப்போன மாதிரி புகைஞ்சுது. இவ சொன்னா சொன்னதுதான். சந்தேகம்னு எந்த வாயால சொல்வேன்?"

மேலாளர் வேறு வழியில்லாமல் நாற்காலிகளுக்குச் சொல்லியனுப்பினார்.

படியிறங்கும்போது அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. திருட்டுத்தனமாகத் தன்னைச் சோதித்தவரை என்ன செய்வது? தனக்காக வேலையை விட்டவரை என்ன சொல்வது?

"ஒண்ணுகூடவாங்க பிடிக்கல?"

"ஒண்ணுகூட இல்ல. எவ்வளவு ஆசையா காத்திருந்தேன் தெரியுமா?"

எதிரே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். இருவரும் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார்கள், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.