முதலில் ஏற வேண்டியவர்

நாளை ஹைதராபாத்தில் அறிவியல் கண்காட்சி. அதற்காக அம்மாவும் நானும் இன்றுதான் முதன்முறையாக விமானம் ஏறினோம்.

ஈரோட்டு பஸ்ஸுக்குக் கிளம்புவது போலவே அம்மா நேரக் கணக்குப் போட்டுவிட்டார். கோவை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை வரிசை நகரவே இல்லை. அதற்குள் எங்கள் விமானத்தில் ஏறச் சொல்லி அறிவித்துவிட்டார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பக்கத்தில், அடிக்கடி விமானத்தில் போகிறவர்களுக்கான தனி வரிசை காலியாக இருந்தது. அதில் வந்த வேட்டி கட்டிய ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டு நின்றார்.

“எந்த ஊருங்க?”

“திருச்செங்கோடுங்க,” என்றார் அம்மா.

“அட, நம்மூரா. போர் போடற ரிக் வண்டி வெச்சு ஓட்டறமுங்க, வேலையெல்லாம் வெளி மாநிலத்துல, மாசத்துல பாதி நாளு பிளேன்லதான். இப்பவும் அதே ஹைதராபாத் பிளேன்தானுங்க.”

எங்களையும் தன்னோடு விடச் சொல்லிக் காவலரிடம் கேட்டார். அந்தச் சலுகை அவருக்கு மட்டும்தான் என்று காவலர் சொல்லிவிட்டார்.

“பயப்படாத சாமி. நான் முன்னால போயி நிறுத்தி வெக்கறேன்,” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். டவுன் பஸ்ஸா நிறுத்தி வைக்க?

நாங்கள் மூச்சிரைக்க ஓடிப்போனபோது மற்ற எல்லோரும் ஏறிவிட்டிருந்தார்கள். அவர் மட்டும் விமானத்துக்குப் போகும் வாசலிலேயே நின்று, “ரெண்டு பேரு வாராங்க, அதோ,” என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

“அடிக்கடி வர்றவங்க, நீங்கதான் சார் முதல்ல ஏறியிருக்கணும்,” என்று ஊழியப் பெண் சிரித்தார்.

“புள்ள ஏறட்டுமுங்க.”

எங்களுக்குப் பின்னால், கடைசி ஆளாக ஏறினார்.

இறங்கியதும் நன்றி சொல்லத் தேடினேன், காணவில்லை. பெயரும் கேட்கவில்லை. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்காரர் என்றால் பாதி ஊர் வரும் என்று தெரியும். இருந்தாலும் கேட்கிறேன், நம்மூர்க்காரர்களே, இவர் உங்களில் யார் வீட்டு மாமா?