வரிசையில் நின்ற பைகள்

கோலமாவு விற்கிற சுப்பம்மாவின் வாய்க்குப் பயப்படாத கடைக்காரர் மந்தைவெளியில் கிடையாது. அறுபத்தேழாம் வருஷக் கோடையில் அவள் குடியிருந்த சந்தில் பெரியம்மை புகுந்தபோது, அந்த வாய்தான் சந்துக்கே சோறு போட்டது.

அம்மை கண்ட வீட்டார் வெளியே வரக்கூடாது என்று கார்ப்பரேஷன்காரர்கள் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். ஆனால் அந்தந்த வீட்டு ஆள் நேரில் வந்தால்தான் அரிசி என்று ரேஷன் கடை வைரவன் அடம்பிடித்தான். வாரத்து அரிசியைச் சனிக்கிழமைக்குள் வாங்காவிட்டால் அது போனதுதான். எட்டு வீட்டில் அடுப்பு அணைந்து கிடந்தது. சுப்பம்மா சிறுவயதிலேயே அம்மை வந்து பிழைத்தவள். அவளுக்கு மறுபடி வராது. எட்டு வீட்டுப் பைகளையும் கொதிநீரில் முக்கிக் காயவைத்து, சனிக்கிழமை கொண்டுபோய் வரிசையில் வைத்தாள். தன் பையைக் கடைசியில் வைத்தாள்.

பை வைத்து இடம் பிடிப்பது அங்கே எல்லாருக்கும் வழக்கம். பாதி வரிசை பைதான்.

வைரவன் பார்த்தான். "இன்னாம்மா இது? உன் பைக்கு வாங்கிக்கினு போ. ஆளில்லாத பை வரிசைல நிக்கக் கூடாது."

"அப்டியா நைனா?" என்றவள், தன் பைகளுக்கு முன்னால் ஆளில்லாமல் நின்ற வேறொரு பையைத் தூக்கித் தெருவோரம் வீசினாள். அடுத்ததையும் வீசினாள். கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய அபயாம்பாள் மாமி பதறிப்போனாள்.

"அடியே, அது எங்காத்துப் பைடி!"

"என்னக் கேக்காத மாமி. ஆளில்லாத பை நிக்கக் கூடாதாம். அவராண்ட கேளு."

கேட்டாளா மாமி, வைரவனைக் கிழித்துத் தொங்கப்போட்டாள். "பை நின்னா ஆள் நின்ன மாதிரிதான்! வரிசைப்படி எல்லாப் பைக்கும் போடும்!" டீ குடிக்கப் போயிருந்தவர்களும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள். சந்து ஜனங்கள் மேல் இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரவர் பை அவரவருக்கு. இருந்துவிட்டுப் போகட்டும். வைரவன் தராசைத் தொட்டான்.

எட்டுப் பைகளும் நிறைந்தன. சுப்பம்மாவின் முறை வந்தபோது மூட்டை காலி. வைரவனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஊருக்கெல்லாம் வாங்கினே. உனக்கு இல்லியே, இப்ப இன்னா பண்ணுவே?"

சுப்பம்மா முதல் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள்.

"எட்டு வூட்ல இன்னிக்கி ஒல கொதிக்கும்யா. அம்ம வூட்ல கை நனைக்க ஊரே பயப்படும், எனக்கின்னா பயம்? எட்டு வூட்லயும் குந்தி துன்னுவேன். நீ தராசத் தொடச்சி வை, அடுத்த வாரமும் வருவேன்."