கட்டைவிரல் பாறைக்கு முன்னால் ஒரு கற்பூரம்

எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. போவதற்கு முன்னால் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்துத் தெரு அண்ணா இதைப் படித்தால் படிக்கட்டும். கலிபோர்னியாவில் இருக்கும் எங்கள் டப்ளினில் தமிழ் வாசிக்கிறவர்களுக்குக் குறைவில்லை, யாராவது ஒருவர் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் இருக்க மாட்டார்கள்.

அப்பா மதுரையிலிருந்து வரும்போதெல்லாம் என்ன கேட்டாலும் "ஒனக்கு எது வசதியோ அதப் பண்ணு பாப்பா" என்பவர். கோயிலுக்குக் கூட்டிப்போனால் கோயில், காஸ்ட்கோ கடைக்குக் கூட்டிப்போனால் காஸ்ட்கோ. இந்த முறை ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே, ஃப்ரீவேயில், அவராகவே கேட்டார்.

"அந்தக் குதிரைப் படத்துல வர்ற பாறையெல்லாம் இந்த ஊருலதான இருக்கு? இங்கிருந்து எம்புட்டுத் தூரம்?"

அப்பா மின்வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு இங்கிலீஷ் படம் பார்க்கப் போவார். ஒரு வசனம் புரியாது. ஆனால் குதிரைகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடும்போது பின்னால் ஒரு பாறை நிற்குமாம். தரையிலிருந்து ஒரு கை எழுந்து நிற்பது போல, கட்டைவிரல் மட்டும் தனியாக. கதை மறந்துவிட்டது, நடிகன் மறந்துவிட்டான், பாறை மட்டும் மறக்கவில்லை. கட்டைவிரல் பாறை என்று அவரே ஒரு பெயரும் வைத்திருந்தார்.

அது அரிசோனாவுக்கும் யூட்டாவுக்கும் நடுவில், நவஹோ மக்களின் நிலத்தில், மான்யுமென்ட் வேலியில் இருக்கிறது. பார்க்க வேண்டும் என்றால் இப்போதே பார்க்க வேண்டும். அப்பாவுக்குக் கண்ணில் பிரஷர். பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், போனது திரும்பாது, சொட்டு மருந்து அதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், அவ்வளவுதான் என்று மதுரை டாக்டர் சொல்லியிருந்தார். வெளிச்சம் மங்கினால் அப்பாவுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. சாயங்காலங்களில் எங்கள் வீட்டு டைனிங் நாற்காலியில் இடித்துக்கொண்டு, "இத யாரு இங்க கொண்டாந்து போட்டது" என்று நாற்காலியைத் திட்டுவார். நாற்காலி எப்போதும் அங்கேதான் இருக்கிறது.

என் கணவருக்கு ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் நேரம், லீவு கிடையாது. அவ்வளவு தூரம் தனியாக டிரைவ் பண்ண எனக்குப் பயம். அப்போதுதான் பக்கத்துத் தெரு அண்ணா வந்தார். நல்ல மனிதர், யாருக்கு வீடு மாற்றினாலும் முதல் ஆளாக வந்து சோபா தூக்குவார். புதிதாக ஒரு வேன் வாங்கியிருந்தார்.

"நாங்க பிள்ளைங்க ஸ்பிரிங் பிரேக் லீவுல அந்தப் பக்கம்தாம்மா போறோம். நம்ம வண்டியிலயே வந்துருங்க. உங்கப்பா எனக்கும் அப்பா மாதிரி" என்றார்.

அண்ணா, அவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா, நான். நான் வைத்தது ஒரே ஒரு கண்டிஷன். அப்பா அந்தப் பாறையைப் பட்டப்பகலில் பார்க்க வேண்டும். ஏன் என்றும் சொன்னேன். உள்ளே கூட்டிப்போகிற டூருக்கு நானே நடுமத்தியானத்தில் இடம் பிடித்தேன்.

வழி முழுக்கப் புளியோதரை. ரெஸ்ட் ஏரியா கண்ட இடத்திலெல்லாம் பாய் விரித்தாகிவிட்டது. நான் பொறுத்துக்கொண்டேன். முதல் நாள் ராத்தங்கலுக்குப் பேஜ் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தபோது மட்டும் ஒன்று சொன்னேன். "அண்ணா, அரிசோனா டைம் வேற, நவஹோ லேண்ட்ல டைம் வேற. அங்க ஒரு மணி நேரம் முன்னாடி ஓடும். நாளைக்கு அதுக்கு ஏத்த மாதிரி கிளம்பணும்."

அவர் சிரித்தார். "வந்து இத்தனை வருஷம் ஆச்சு, எனக்கே டைம் ஜோன் சொல்லித் தரியா?"

மறுநாள் காலையில் ஆற்று வளைவில் போட்டோ, பாலத்தில் போட்டோ, வேனோடு போட்டோ. நான் ஒவ்வொரு இடத்திலும் சொல்லிக்கொண்டே இருந்தேன். "இருக்கும்மா, டைம் இருக்கு." நாங்கள் டூர் கிளம்பும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்கள் டூர் லாரி போய் வெகுநேரம் ஆகியிருந்தது. அண்ணா போனைப் பார்த்தார். "அட, ஆமால்ல!" என்றார். அவ்வளவுதான். என் அப்பாவின் பகல் வெளிச்சத்துக்கு அவர் கொடுத்த மரியாதை அந்த "ஆமால்ல" மட்டும்தான்.

கவுன்டரில் இருந்த பெண் பாவம் பார்த்து, கடைசி டிரிப்பில் இடம் இருக்கிறது, சூரியன் மறையும் நேரத்து டிரிப் என்றார். அண்ணா முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா, எல்லாம் நல்லதுக்குத்தான்! கோல்டன் அவர்! சாயங்கால வெளிச்சத்துல போட்டோஸ் சும்மா அள்ளும்."

"அண்ணா, மங்கலான வெளிச்சத்துல அப்பாவுக்குக் கண்ணு தெரியாதுன்னு சொன்னேனே."

"அவ்ளோ பெரிய பாறைம்மா. அது எப்படித் தெரியாமப் போகும்?"

அந்த இடம் நெடுஞ்சாலை ஓரம். பாறைகள் இன்னும் உள்ளே. டூர் வரும்வரை வேனிலேயே கொஞ்ச தூரம் போனால் மேட்டிலிருந்து பார்க்கலாம் என்று போர்டு போட்டிருந்தது. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. போகலாம் என்று கெஞ்சினேன். "இப்பவே பாத்துட்டா சர்ப்ரைஸ் போயிடும்மா" என்று அவர் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பாயை விரித்தார். அண்ணி தயிர்சாதத்தைத் திறந்தார்.

அப்பா என் கையைத் தொட்டார். "விடு பாப்பா. அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

தமிழனின் வாயிலிருந்து வரும் வார்த்தைகளில் எனக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை அதுதான். எப்போதும் அடுத்தவன் சௌகரியத்துக்காக நம் பங்கை விட்டுக்கொடுக்கத்தான் அது வரும். அப்பா வாழ்நாளெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கும் சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டார்.

சாயங்காலம் லாரி வந்தது. பின்பக்கம் திறந்த, பெஞ்சுகள் போட்ட லாரி. ஓட்டி வந்த கைடு என் வயதுப் பெண். அன்றைக்கு அவருக்கு அது எத்தனையாவது டிரிப்போ, குரல் களைத்திருந்தது. கிளம்பும் முன்பே சொல்லிவிட்டார்: இது மியூசியம் இல்லை, இங்கே நாங்கள் குடியிருக்கிறோம், ஆடு மேய்க்கிறோம், பாறைமேல் ஏறாதீர்கள், எதையும் எடுக்காதீர்கள், எதையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். எல்லோரும் தலையாட்டினோம். அண்ணா கொஞ்சம் பலமாகவே ஆட்டினார்.

செம்மண் பாதை தூக்கிப்போட்டது. சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. பாறைகளின் ஒரு பக்கம் அடுப்புத் தணல் போலச் சிவந்திருக்க, மறுபக்கம் இருண்டுகொண்டே வந்தது. அப்பா கம்பியைப் பிடித்தபடி நேர் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியுதாப்பா?" என்று கேட்கும்போதெல்லாம் "தெரியுது, தெரியுது" என்றார். ரொம்ப வேகமாகச் சொன்னார்.

ஒரு திடலில் லாரி நின்றது. கைடு எங்களை இறங்கிப் பார்க்கச் சொல்லிவிட்டு டயரைச் சோதிக்கப் போனார். எதிரே அது நின்றது. கட்டைவிரல் பாறை. அதன்மேல் இன்னும் கொஞ்சம் வெயில் மிச்சம் இருந்தது. தாமதமானாலும் வந்துவிட்டோம், வெளிச்சம் இருக்கிறது, போதும். நான் அப்பாவின் தோளைப் பிடித்து அதற்கு நேராகத் திருப்பப் போனேன்.

"சுயம்பு!" என்று பின்னாலிருந்து ஒரு கத்தல்.

அந்தப் பக்கம் ஒல்லியாக, உயரமாக இன்னொரு பாறை இருந்தது. அண்ணா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். "அப்படியே லிங்கம்! இங்க நம்மாளுங்க வந்திருக்காங்க, நோ டவுட்." பையிலிருந்து தேங்காய் வந்தது. கற்பூரம் வந்தது. விபூதி, எவர்சில்வர் தட்டு. புது வேனுக்கு நல்ல இடம் பார்த்துப் பூஜை போடலாம் என்று டப்ளினிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார்.

"அங்கிள், நீங்கதான் பெரியவங்க. உங்க கையால காட்டுங்க" என்று எரியும் கற்பூரத்தோடு தட்டை அப்பாவின் கையில் வைத்துவிட்டார்.

"அப்பா, வேண்டாம், இந்தப் பக்கம் பாருங்க, இந்தப் பக்கம்" என்றேன். கற்பூரத்துக்கு வேண்டாம் என்று சொல்லி அப்பாவுக்குப் பழக்கமே கிடையாது. கட்டைவிரல் பாறைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். மூன்று சுற்றுச் சுற்றினார். அந்தச் சுடரைக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டு கண்களை இறுக மூடினார். அண்ணா தேங்காயைப் பாறையின் அடியில் ஓங்கி உடைத்தார்.

கைடு ஓடி வந்தார். அணைக்கச் சொன்னார். அணைப்பதற்குள் அவரே தட்டை வாங்கி மணலில் கவிழ்த்தார். தூரத்தில் ஒரு வீட்டைக் காட்டி, அது என் அத்தை வீடு, உங்கள் வீட்டு வாசலில் வந்து நான் நெருப்பு வைத்தால் நீங்கள் சும்மா இருப்பீர்களா என்று கேட்டார். அண்ணா கை கூப்பி, தலையைச் சாய்த்துச் சிரித்து, "நோ டிஸ்ரெஸ்பெக்ட், மேடம். வீ ஆர் ஆல்ஸோ இண்டியன்ஸ்" என்றார்.

எனக்கு மானமே போயிற்று. அந்தப் பெண், ஒரு சில்லுகூட விடாமல் பொறுக்குங்கள், டூர் முடிந்தது என்று மட்டும் சொன்னார். அண்ணியும் நானும் மண்டியிட்டுத் தேங்காய்ச் சில்லுகளைப் பொறுக்கினோம். நாங்கள் நிமிர்ந்தபோது பாறையின்மேல் இருந்த வெயில் போய்விட்டிருந்தது.

லாரி திரும்பிப் போகும்போது அப்பா என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "பாப்பா, கட்டைவிரல் பாறை எப்ப வரும்?"

அதற்குப்பிறகு நான் கத்தியதை இங்கே அப்படியே எழுத முடியாது. "உங்க வேனுக்குப் பூஜை போட எங்கப்பாவோட கண்ணுதான் கிடைச்சுதா?" என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அண்ணாவுக்கு நான் ஏன் கத்துகிறேன் என்றே விளங்கவில்லை. "சாமி காரியத்துக்குப் போய் ஏம்மா டென்ஷன் ஆகுற? ஊருக்குப் போனதும் யூடியூப்ல போட்டு அங்கிளுக்குப் பெரிய டிவில காட்டு. இதவிடக் கிளியரா இருக்கும்" என்றார். கெட்டவராக இருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. நல்லவர், உதவி செய்கிறவர், என்ன சொன்னாலும் காதில் ஏறாதவர். இப்படிப்பட்டவர்களிடம்தான் நாம் எதையும் கேட்டு வாங்க முடிவதில்லை.

அன்று ராத்திரி அந்த மேட்டின்மேல் இருந்த ஹோட்டலில் தங்கினோம். மறுநாள் விடிகாலையிலேயே அவர்கள் லாஸ் வேகஸ் கிளம்ப வேண்டும். அங்கே மத்தியானம் பஃபேயில் இடம் பிடித்திருந்தார்கள். ஒரு மணி நேரம் தாமதமாகப் போகலாமா என்று கேட்டேன். "ஷெட்யூல் டைட்மா" என்றார், நேரம் தெரியாமல் டூரையே தவறவிட்ட மனிதர். நான் வேனுக்குப் பின்னால் போய் எங்கள் பெட்டிகளை இறக்கினேன்.

"இங்கிருந்து எப்படிம்மா போவீங்க? ஊபர்கூடக் கிடையாது!"

"நடந்து போறோம், நீங்க கிளம்புங்க."

அண்ணி ஜன்னல் வழியாக மிச்சப் புளியோதரையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். சாப்பாட்டின்மேல் எனக்குக் கோபமில்லை. போனில் என் கணவர் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா என்றார். ஹோட்டலில் கேட்டதில், அங்கே வேலை பார்ப்பவர் ஒருவர் மத்தியானம் பேஜ் போவதாகவும் எங்களை ஏற்றிக்கொள்வதாகவும் சொன்னார். அங்கே வாடகைக் கார் எடுத்து வீடுவரை நானே டிரைவ் பண்ண வேண்டும். பண்ணிக்கொள்ளலாம் என்று அப்போது இருந்த கோபத்தில் தோன்றிவிட்டது.

அப்பாவை மேட்டு விளிம்புக்குக் கூட்டிப்போனேன். மேகம் இல்லை, புழுதி இல்லை. நல்ல வெயில். பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்து கிடந்தது. கட்டைவிரல் பாறை எதிரே, மறைக்க எதுவும் இல்லாமல் நின்றது.

"அப்பா, இதுதான். நேரா பாருங்க."

அப்பா பார்த்தார். உடனே அவர் கைகள் தாமாகக் கூடின. கண்களை மூடிக்கொண்டார்.

கோயிலில் மணிக்கணக்காக வரிசையில் நின்று, திரை விலகும் அந்த ஒரு நொடியில் கண்ணை மூடிக்கொள்கிற கூட்டம் நாம். தெரிந்ததுதான், நானும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்தில் இருந்த டூரிஸ்டுகள் திரும்பும்படி கத்தினேன்.

"அப்பா! கண்ணத் தொறங்க! கும்பிட வரல, பாக்க வந்திருக்கோம்!"

அப்பா திடுக்கிட்டுத் திறந்தார். குழந்தையைப் போலக் கைகளை இறக்கிக்கொண்டார். பிறகு பார்க்க ஆரம்பித்தார். அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். அவ்வளவு பெரிய பாறை நேர் எதிரே இருக்கிறது, அவர் தலையை இடது பக்கம் திருப்புகிறார், நிறுத்துகிறார், கொஞ்சம் மேலே தூக்குகிறார், வலது பக்கம் கொண்டுவருகிறார். சாவித்துவாரத்தில் கண்ணை வைத்து ஒரு வீட்டைப் பார்ப்பது போல.

"இந்தா, கட்டைவிரலு" என்றார். தலை நகர்ந்தது. "இது நடுவுல உள்ள சந்து." இன்னும் நகர்ந்தது. "இந்தா இருக்கு கையி. யப்பா, எம்புட்டு ஒசரம்." அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். படத்தில் பார்த்ததையும் இதையும் ஒவ்வொரு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தார். பார்வை ஓரங்களில் கொஞ்சம் குறைவு என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். ஓரமா? நடுவில் ஒரு பொட்டு அளவுக்குத்தான் மிச்சம் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் தனியாக விமானம் மாறி வந்திருக்கிறார், என் வீட்டு மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறார், கேட்டபோதெல்லாம் தெரியுது தெரியுது என்றிருக்கிறார். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் அட்ஜஸ்ட் பண்ணிக்கொண்டிருக்கிறார்.

இந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? அண்ணா அதற்குள் வேகஸ் பாதையில் பாதி தூரம் போயிருப்பார்.

கொஞ்ச நேரம் கழித்து அப்பா பாறையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, சத்தமாகக் கூப்பிட்டார்.

"பாப்பா, எங்க போயிட்ட? நீயும் வந்து பாரேன்."

நான் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.