அகரவரிசைக்குக் குமரேசன் எழுதியது

குமரேசன் போய்விட்டார் என்று அவருடைய மைத்துனர் தொலைபேசியில் சொன்னபோது, அவர் எழுதிய கணினி நிரல்களைத்தான் நான் அழித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்னால் எழுத முடியாது.

சேலத்தில் எங்கள் அலுவலகத்தில் புத்தகங்களை எக்ஸ்எம்எல் என்ற குறியிட்ட கோப்புகளாக்கி, அவற்றிலிருந்து அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும் எடுக்கிறோம். அந்த மாற்றத்தைச் செய்யும் மொழியோடு கூடவே வரும் அடிப்படைப் பங்ஷன்கள், அதாவது சிறு கட்டளைத் தொகுப்புகள், எந்த மென்பொருளிலும் ஓடும். நாமாக எழுதிச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷன்கள் சேர்த்த இடத்தில் மட்டுமே ஓடும். அடிப்படையே போதும் என்பது என் கட்சி. எடப்பாடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்த குமரேசன் எதிர்க்கட்சி. இதை வாசிக்கும் தொழில் நண்பர்களே, எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுச் சலித்தவர்கள் உங்களில் பலர்.

தமிழ் அகராதி வேலை வந்தபோது அது முற்றியது. அடிப்படைப் பங்ஷன் தந்த வரிசை ‘பழம்’ என்ற சொல்லை முன்னே வைத்து ‘பவளம்’ என்பதைப் பின்னே தள்ளியது. கணினி எழுத்துகளுக்குத் தரும் எண்ணில் ழகரம் வகரத்துக்கு முந்தியது. குமரேசன் தனியாக ஒரு பங்ஷன் எழுதிச் சரிசெய்தார்.

“வேற மெஷினுக்குப் போனா இது நின்னுருமேங்க அண்ணா” என்றேன்.

“தமிழ் படிச்சவங்க பாத்தாச் சிரிப்பாங்களே. மொதல்ல சரியா இருக்கோணுமுங்க. மத்ததப் பொறவு பாத்துக்கலாம்.”

அவர் உடம்புக்கு முடியாமல் படுத்த சமயத்தில் வாடிக்கையாளர் புது மென்பொருளுக்கு மாறினார். அதில் எக்ஸ்டென்ஷன்களுக்கு இடமில்லை. அவற்றை நீக்கும் வேலை எனக்கு வந்தது. நான் பாதி நீக்கியிருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்.

“ஏனுங்க, நம்ம பங்ஷனெல்லாம் ஓடுதுங்களா?”

“ஓடுதுங்க அண்ணா.”

“செரிங்க. நல்லானதும் வாரேன்.”

பொய் சொன்ன கூச்சத்தில் அவரைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போட்டேன். பிறகு போனது அவருடைய காரியத்துக்குத்தான். அவருடைய மனைவி சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க சொன்னத நர்சம்மாகிட்டக்கூடச் சொன்னாருங்க. நா எழுதுனது இன்னும் ஓடுதாமான்னு. அன்னிக்குத்தான் வயிறாரச் சோறு உண்டாரு.”

கையை விடுவித்துக்கொண்டு கிளம்பினேன்.

அலுவலகம் திரும்பி, மிச்சமிருந்த அகரவரிசைப் பங்ஷனையும் நீக்கினேன். பிழை வரும் என்று நினைத்தே அகராதியை ஓட்டினேன். பவளம் முன்னே, பழம் பின்னே, சரியாக வந்தது.

நிரலைத் திறந்து பார்த்தேன். தன் பங்ஷனை அழைக்கும் முன் அது இருக்கிறதா என்று நிரலையே சோதிக்க வைத்திருந்தார் குமரேசன். இல்லாவிட்டால் போக வேண்டிய வழியை அடிப்படைப் பங்ஷன்களை மட்டும் கொண்டே எழுதியிருந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு குறியைப் போட்டு, அந்தக் குறிகளை வரிசைப்படுத்தும் நீண்ட வழி. நான் வாதாடியதெல்லாம் அதில் இருந்தது. என்னிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை.

உண்மையைச் சொல்லியிருந்தால், “எடுத்துப் போடுங்க, மாத்து வழி இருக்குது” என்றிருப்பார். தாங்கமாட்டார் என்று நானாக முடிவு செய்து, அவரைச் சிறியவராக்கிவிட்டேன்.

அந்த வழி மெதுவாகத்தான் ஓடுகிறது. வேகமாக்கச் சொல்கிறார்கள். அவர் எழுதியதில் என்னிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அதில் நான் கை வைக்கவில்லை.