அண்ணன் சொன்ன எறும்பு

என் அண்ணனுக்குப் பல வருஷமாக மனச்சிதைவு நோய். அவரை மாத்திரை போட வைக்க நான் கண்டுபிடித்த வழி, கூடவே இரண்டு ஜாங்கிரி கொடுப்பது. வெளியே எங்கும் போகமாட்டார். உடம்பு பெருத்துக்கொண்டே போனது. நன்றாகச் சாப்பிடுகிறாரே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

போன சம்பா அறுவடை சமயம், "எறும்பெல்லாம் என்னையே தேடி வருதுடா" என்று சொல்ல ஆரம்பித்தார். தினமும் அதே பேச்சு.

குத்தாலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு மாதாமாதம் மாத்திரை கொண்டுவரும் நர்ஸம்மாவிடம், "நோய் முத்திப்போச்சுங்க, டோஸைக் கூட்டச் சொல்லுங்க" என்றேன். அவர் அண்ணனிடம் திரும்பி, "எங்க வருதுங்க? காட்டுங்க" என்றார்.

அண்ணன் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனார். அவர் சிறுநீர் கழிக்கும் தென்னை மரத்தடியில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. நர்ஸம்மா அங்கேயே விரலில் குத்தி ரத்தம் பார்த்தார். சர்க்கரை எக்கச்சக்கம்.

பத்து நாளாக அண்ணன் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். பத்தடி நடந்து போய்ப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

ஜாங்கிரியை நிறுத்தினேன். சர்க்கரைக்கும் வைத்தியம் தொடங்கியது. சாயங்காலம் இருவரும் வாய்க்கால் கரையில் நடக்கிறோம். போன வாரம் அண்ணன், "இப்பல்லாம் எறும்பு வர்றதில்லடா" என்றார்.

எழுந்து போய்ப் பார்த்தேன். நிஜம்தான்.