அடுப்பை இடித்த சிக்கந்தர் நானா

சிக்கந்தர் நானா இறந்துவிட்ட செய்தியை கம்பெனி அடுப்படியில் வேலை செய்யும் முனியாண்டி அண்ணன்தான் கொண்டுவந்தார். "நானா போயிட்டாரும்மா" என்றவர் சைக்கிளை விட்டு இறங்கவில்லை. காஜா பெராங் வட்டாரத்தில் அவர் சொல்லவேண்டிய வீடுகள் இன்னும் இருந்தன.

நம் சவுக்காரக் கம்பெனியைத் தம் அண்ணன் பெரிய நானாவோடு சேர்ந்து நடத்தியவர் நானா. நான் பொட்டலம் கட்டும் பகுதியைப் பார்த்துக்கொண்டேன். அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? இருந்தாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, முந்திய மழைக்காலம் அது. ஈர ரப்பர் விறகை எரித்ததில் புகை கரியாய்க் கவிந்தது. பின்தெருவிலிருந்து மலாய் பேசும் பழைய தமிழ் வம்சத்துச் சிட்டிப் பெண் ஒருத்தி வந்து, பிள்ளையின் பள்ளிச் சட்டையை நானாவின் மேசையில் விரித்தாள். தோளெல்லாம் கரிப்பொட்டு. "உங்கள் சவுக்காரத்தில்தான் துவைத்தேன்" என்று மலாயில் சொன்னாள். நானா அந்தப் பொட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

மறுநாளே விறகைக் காயவைக்கக் கொட்டகை போட்டார். கொப்பரைகளுக்கு மூடி வந்தது. சூடு வீணாகாமலிருக்க நீராவிக் குழாய்களில் சாக்குச் சுற்றினோம். விறகும் புகையும் குறைந்தன. ஆனால் பழைய அடுப்பு பாதி விறகைச் சரியாக எரிக்காமலே புகையாய்க் கக்கியது. அதை இடித்துக் கட்டவேண்டும் என்றார்.

பெரிய நானாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "பெருநாளு, தீபாவளி, மெர்டேக்கா, எல்லாத்துக்கும் சரக்கு கேக்குறான். இப்பவா இடிப்பே? ஊர்ல எவன் புகையைப் பாக்குறான்?"

"அதான் காக்கா... பெரிய கம்பெனிக்கு இஞ்சினியர் இருக்கான். வீட்டுல காய்ச்சுறவனுக்கு ஒத்தை அடுப்பு. நடுவுல இருக்குற நம்மள யாரும் கேக்கமாட்டாங்கன்னு எரிச்சிக்கிட்டே இருக்கோம்" என்றார் நானா தம் அண்ணனிடம்.

பெரிய நானா தம் பங்கைப் பிரித்துக்கொண்டு போனார். பாதி வாடிக்கைக் கடைகளும் அவரோடு போயின. எங்களுக்கு வேலை இருக்குமா என்று பயந்தோம். "லீவு அடுப்புக்குத்தான், ஆளுக்கில்ல" என்றார் நானா. பெண்கள் நாங்கள் செங்கல் சுமந்தோம்.

புது அடுப்பை மூட்டிய அன்று புகை மேலே ஏறாமல் கொட்டகைக்குள் திரும்பியது. எல்லாரும் வெளியே ஓடினோம். நானா மட்டும் உள்ளே போய் எரியும் விறகை அடுப்பிலிருந்து இழுத்துப் போட்டார். அவரைத் தாங்கித்தான் வெளியே கொண்டுவந்தோம். புகைவழியை அகலமாக்கிக் கட்டிய பிறகு, புகைக்கூண்டில் மெல்லிய சாம்பல்நிற இழை மட்டும் போனது. எல்லாரும் கைதட்டினார்கள். இருமல் விடாததால் நானாவால் சிரிக்க முடியவில்லை.

இளவயதிலிருந்தே அடுப்பு வாயில் நின்ற நெஞ்சு அது. டாக்டர் கையை விரித்துவிட்டார்.

உடலை வைத்திருந்த மையத்து வீட்டில் பெரிய நானாவைப் பார்த்தேன். உள்ளே போகாமல் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். "பேசாமலே இருந்துட்டேனே" என்று யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

சிக்கந்தர் நானாவைக் கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, அவர் மனம் ஆறட்டும் என்று, "நம்ம புகை நின்னே போச்சு நானா" என்றேன்.

அவர் தலையை அசைத்தார். "நிக்கல தங்கச்சி. கொறைஞ்சிருக்கு. மிச்சம் யாரோ ஒருத்தர் நெஞ்சுக்குள்ளதானே போவுது?"

இன்று காலை கம்பெனிக்குப் போனதும் கூண்டை அண்ணாந்து பார்த்தேன். நானா என்னிடம் விட்டுப்போயிருப்பது அந்த மிச்சம்தான்.